காரைக்காலுக்கும் அவர்தானே எம்.பி.?

புதுச்சேரி மக்களவைத் தொகுதியில் நிற்கும் எல்லா வேட்பாளர்களுக்கும்,

வணக்கம். காரைக்காலில் மீன்பிடித் தொழில் செய்யும் குடும்பத்திலிருந்து எழுதுகிறேன். 2024 ஏப்ரல் 19 ஓட்டுப்பதிவு. 15ஆம் தேதியே தடைக்காலம் தொடங்கி, விசைப்படகுகள் கரையேறிவிடும். ஓட்டுக் கேட்க வருகிறவர்களுக்கு நாங்கள் வீட்டிலேயே கிடைப்போம்.

போன வாரம் ஒரு பிரசார வேன் எங்கள் தெருவுக்கு வந்தது. 'மீனவர் நலன் காக்கப்படும்' என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு அண்ணன், "எங்க ஆளுங்கள இலங்கை நேவி புடிச்சா யார்கிட்ட போறது?" என்று கேட்டார். வேனிலிருந்தவர் பெரிய கும்பிடாகப் போட்டார். வேன் நகர்ந்துவிட்டது. அந்தக் கேள்வியைத்தான் மறுபடி கேட்கிறேன்.

ஆளைப் பிடித்த செய்தி இங்கே முதலில் போனில்தான் வரும், பெரும்பாலும் விடியற்காலையில். எந்தப் படகு, எத்தனை பேர், எந்தச் சிறை என்று ஒன்றும் தெளிவாக இருக்காது. பஞ்சாயத்தாரும் வீட்டுப் பெண்களும் மனுவோடு பஸ் ஏறுவார்கள். சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டைக் கடந்து 130 கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் எங்கள் தலைநகரம் வரும். அங்கே ஓர் அலுவலகத்தில், "ஐயா டில்லியில இருக்காரு, மனுவ வச்சிட்டுப் போங்க" என்றார்கள். கைக்குழந்தையோடு வந்திருந்த பெண், இலங்கையில் தன் கணவரை எந்த ஊரில் வைத்திருக்கிறார்கள் என்றாவது சொல்லச் சொன்னார். அதற்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை. 2018இல் வெளிநாட்டு மீன்பிடிப் படகுகளுக்கான சட்டத்தை இலங்கை இறுக்கிய பிறகு, ஆள் திரும்பினாலும் படகு திரும்புவது அபூர்வம். படகின் மேல் வாங்கிய கடன் மட்டும் பத்திரமாகக் கரையிலேயே இருக்கிறது.

பக்கத்து நாகப்பட்டினத்துக்காரர்களும் இதே கடலில்தான் பிடிபடுகிறார்கள். அவர்களுக்குத் தனி எம்.பி. உண்டு, கூடப் பேச அதே மாநிலத்தின் 38 பேர் உண்டு. எங்களுக்கு மக்களவையில் மொத்தமே ஒருவர். அவரையும் கேரளக் கரையில் இருக்கும் மாஹேவோடும், ஆந்திராவுக்குள் இருக்கும் ஏனாமோடும் பங்கு போட்டுக்கொள்கிறோம். 30 சட்டமன்றத் தொகுதிகளில் 23 புதுச்சேரியில், 5 காரைக்காலில். இந்தக் கணக்கு உங்களுக்கு நன்றாகவே தெரியும் என்பது பிரசாரப் பயணத் திட்டத்தைப் பார்த்தாலே புரிகிறது.

காரைக்கால் பக்கமே வருவதில்லை என்று சொன்னால் பாவம். திருநள்ளாறுக்கு வருகிறீர்கள். சனி பகவானுக்கு எள் தீபம் ஏற்றி உங்கள் தோஷத்தைக் கழித்துக்கொண்டு போகிறீர்கள். எங்களுக்கு மட்டும் அது ஐந்து வருஷம் தொடர்கிறது. மாநில அந்தஸ்து கேட்டு டில்லிக்குத் தீர்மானம் அனுப்பும்போது, 'எங்களை யாரும் மதிப்பதில்லை' என்று புதுச்சேரி வருத்தப்படும். காரைக்காலில் நின்று கேட்டால் அந்த வருத்தம் நன்றாகவே புரிகிறது, ஐயா.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது இதுதான். ஜெயிக்கிறவர் காரைக்காலில் ஓர் எம்.பி. அலுவலகம் திறக்க வேண்டும். பேனர் மட்டும் தொங்கும் அறையாக இல்லாமல், தினமும் ஆள் உட்காரும் அலுவலகமாக. மீனவர் பிடிபட்ட அன்றே வெளியுறவு அமைச்சகத்துக்கு எம்.பி.யின் கடிதம் போக வேண்டும், அதன் நகல் அந்தக் குடும்பத்தின் கைக்கு வர வேண்டும். இதை ஓட்டுப்பதிவுக்கு முன்பே எழுத்தில் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வாடகைக்கு இடம் கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள், நாங்களே பார்த்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
காரைக்கால் வாக்காளர் ஒருவர்