வெளிநாட்டுக்கு எழுதும் முன்

ஆசிரியருக்கு,

புதுச்சேரியில் பழைய வீடு ஒன்று இடிபடும்போதெல்லாம் 'யுனெஸ்கோவுக்கு எழுதுவோம்' என்ற குரல் எழுகிறது. எழுதலாம். ஆனால் யுனெஸ்கோவோ, அதற்கு ஆலோசனை சொல்லும் நினைவுச்சின்ன வல்லுநர் அமைப்பான இகோமாஸோ இங்கே ஒரு கடப்பாரையைக்கூடத் தடுக்க முடியாது. அதிகாரம் நம் சட்டத்திடம்தான். பழந்துறைமுகமான அரிக்கமேடு 2010 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அங்கே 100 மீட்டருக்குள் கட்டத் தடை விதிப்பது தொல்லியல் சட்டம்.

வெளியுலகத் தொடர்பால் கிடைப்பது பணமும் நுட்பமும் கவனமும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் என்ற நகரக் கூட்டுறவுத் திட்டத்தில் இத்தாலியின் உர்பினோ நகரமும் பிரான்சின் வில்நவ் சுர் லோ நகரமும் புதுச்சேரியுடன் கைகோத்ததால்தான் வைசியாள் வீதியின் முகப்புகள் மீண்டன. 2008-இல் யுனெஸ்கோ ஆசிய-பசிபிக் விருதும் வந்தது. அதே ஊரில்தான் பிரெஞ்சுக் கால நகர்மன்றமான மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்தது.

உலக நினைவுச்சின்ன நிதியம் என்ற தனியார் அமைப்பு, ஆபத்தில் இருக்கும் பாரம்பரிய இடங்களுக்காக வெளியிடும் கண்காணிப்புப் பட்டியலுக்கு யாரும் பரிந்துரைக்கலாம். உணர்ச்சிக் கடிதம் எடுபடாது. தேதியிட்ட படங்கள், வரைபடம், உரிமை விவரம், ஆபத்து என்ன, உள்ளூரில் பொறுப்பேற்பவர் யார் என்பவை வேண்டும். கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலும் தடுமாறுகிறோம்.

பட்டியலில் இடம்பிடித்த வீட்டையும் சிமென்ட் பூச்சு கெடுக்கும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் அடைத்துவிடும். உப்பு பூத்து, இடுப்பளவு உயரத்துக்குச் செங்கல் பொடிப்பொடியாக உதிரும். வண்ணம் அடித்து மறைக்காமல், சிமென்டைச் செதுக்கி எடுத்து, சுவரை உலரவிட்டு, சுண்ணாம்பிலேயே பூசுங்கள்.

ஒரு வாசகர்,
புதுச்சேரி