உள்ளூர் மரம் வாங்குவது குற்றமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் வீட்டு அலங்காரப் பக்கத்தில், உள்ளூர் மரத்தில் செய்த கட்டிலையோ அலுமாரியையோ வாங்குகிறவர்கள் நம் காட்டை அழிக்கத் துணைபோகிறார்கள், இறக்குமதிப் பலகைத் தளபாடம்தான் சூழலுக்கு நல்லது என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். முழுப்பக்கக் கட்டுரையில் ஒரே ஒரு வரிதான். ஆனால் அதை வாசித்த பிறகு எனக்கு மற்ற எதையும் வாசிக்கப் பிடிக்கவில்லை. நான் வெல்லம்பிட்டியில் தச்சுப்பட்டறை வைத்திருப்பவன், என் அப்பாவும் இதே தொழில், உங்கள் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு அவர் காலத்திலிருந்து வருகிறது. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

எங்கள் பட்டறைக்கு வரும் மரம் எங்கிருந்து வருகிறது என்று கட்டுரை எழுதியவர் யாரிடமாவது கேட்டாரா? நம் இலங்கையில் இயற்கைக் காட்டில் மரம் தறிப்பதை 1990இலேயே நிறுத்திவிட்டார்கள். இது உங்களுக்குத் தெரியாத விஷயம் அல்ல. மரத் தேவையில் பெரும் பங்கு வீட்டுத் தோட்டங்களிலிருந்தும் இறப்பர், தென்னைக் காணிகளிலிருந்தும்தான் வருகிறது என்பதை அரசாங்கத்தின் 1995ஆம் ஆண்டு வனத்துறைப் பெருந்திட்டமே ஒப்புக்கொண்டது. மாத்தளையிலும் கேகாலையிலும் குருணாகலிலும் ஒரு குடும்பம் பிள்ளையின் படிப்புக்கோ கல்யாணத்துக்கோ என்று வளர்த்த பலா, மஹோகனி, தேக்கு, கினிசப்பு, வேம்பு, இவைதான் மரக்காலைக்கு வந்து, அங்கிருந்து எங்களிடம் வருகின்றன. அந்த மரத்துக்கு விலை இருப்பதால்தான் அந்த வீட்டுக்காரர் அடுத்த கன்றை நடுகிறார். உள்ளூர் மரத்தை வாங்காதே என்று நீங்கள் சொல்லச் சொல்ல, அவர் அதே இடத்தில் மிளகு போடுவார், இல்லாவிட்டால் காணியைத் துண்டு துண்டாக விற்றுவிடுவார். அப்போது எந்த மரம் மிஞ்சும்?

இறக்குமதிப் பலகை எதனால் செய்தது என்றும் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. அதுவும் மரம்தான் ஐயா. மரத்தூளையும் மரச்சீவலையும் பசையில் குழைத்து அழுத்திய பலகை. எந்த நாட்டுக் காட்டில் வெட்டினார்கள், யாரிடம் அனுமதி வாங்கினார்கள், எவ்வளவு தூரம் கப்பலில் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. என்னிடம் மட்டும் கேட்கிறார்கள்.

2016 மே மாதம் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் முழுவதும் தண்ணீருக்குள் கிடந்ததை நீங்களே பக்கம் பக்கமாக எழுதினீர்கள். தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் வீதியில் குவிந்து கிடந்தது என்ன தெரியுமா? ஊறி அப்பளம் போலப் பொங்கிய பலகை அலுமாரிகளும் ரீவி ஸ்டாண்டுகளும்தான். தவணைக் காசு கட்டி முடிக்காத சாமான்களைக்கூட அப்படியே தூக்கி வெளியே போட்டார்கள். எங்கள் வீட்டில் என் அப்பா செய்த பலா மரக் கட்டிலும் முதிரைக் கதவும் அதே தண்ணீரில்தான் நின்றன. கழுவி, நிழலில் காயவிட்டு, மூட்டுகளை மறுபடி இறுக்கினேன், அவ்வளவுதான். இன்றைக்கும் அந்தக் கட்டிலில்தான் படுக்கிறேன். குப்பைக்குப் போகிற சாமானைச் சூழலுக்கு நல்லது என்றும் பேரப்பிள்ளை வரை நிற்கிற சாமானைக் காட்டின் எதிரி என்றும் எழுதுவதற்கு எப்படி மனம் வந்தது?

இது உங்கள் பத்திரிகையில் முதல் தடவையும் அல்ல. 2019 ஜூனில் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, சங்கிலி வாள் இறக்குமதியை நிறுத்தப் போவதாகவும் மர ஆலைகளை ஐந்து வருடத்தில் மூடப் போவதாகவும் சொன்னபோது அதைப் பெரிய எழுத்தில் போட்டீர்கள். சரி, ஜனாதிபதி சொன்னது செய்திதான். ஆனால் ஒரு தச்சரிடமோ ஆலைக்காரரிடமோ ஒரு வார்த்தை கேட்டீர்களா? மொறட்டுவையில் வீட்டுக்கு வீடு இந்தத் தொழில் நடக்கிறது. அத்தனை குடும்பங்களும் ஐந்து வருடத்தில் என்ன வேலைக்குப் போவது? அன்றைக்கும் ஒரு கடிதம் எழுதினேன். பாதியை வெட்டி, நான் சொல்ல வந்ததையே விட்டுவிட்டு, நன்றி சொன்ன வரியை மட்டும் கவனமாகப் போட்டிருந்தீர்கள்.

காட்டை அழித்தவர்களைப் பற்றி எனக்கும் கோபம் உண்டு. சிங்கராஜ வனத்துக்குள் 1970களில் இயந்திரங்களைக் கொண்டுபோய் மரம் தறித்தது ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக. மக்கள் எதிர்த்து நின்று அதை நிறுத்த வைத்தார்கள், 1988இல் அது உலக மரபுரிமைச் சொத்தாகவும் ஆனது. அந்தப் போராட்டம் சரியானது. ஆனால் அரச திட்டத்துக்காகக் கன்னிக் காட்டைத் தறித்ததையும் ஒரு கிழவி தன் வளவில் காய்த்து ஓய்ந்த பலாவை வெட்டி விற்பதையும் ஒரே தராசில் போடக் கூடாது.

அந்தக் கிழவி என்று சொன்னது என் மாமியாரைத்தான். மாத்தளைப் பக்கம் அவருடைய வளவில் வீட்டுக் கூரைக்கு மேலே சாய்ந்து நின்ற பலா மரத்தை வெட்ட வேண்டியிருந்தது. 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி பலா, ஈரப்பலா போன்ற மரங்களைத் தன் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. நல்ல சட்டம், நான் குறை சொல்லவில்லை. பஞ்சத்தில் சனத்துக்குச் சோறு போட்ட மரம் அது. நாடெங்கும் பலாக் கன்று நடச் சொல்லி அலைந்த ஆர்தர் வி. டயஸை இன்றைக்கும் 'கொஸ் மாமா', அதாவது பலா மாமா, என்றுதானே சொல்கிறோம். ஆனால் அனுமதி கேட்டு அந்த மனுசி அலைந்த அலைச்சல்! கிராம உத்தியோகத்தரிடம் போனால் பிரதேச செயலகத்துக்குப் போகச் சொன்னார், அங்கே போனால் பரிசோதிக்கிற ஐயா லீவு. படிவமோ சிங்களத்தில் மட்டும். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி என்று ஆனது 1987இல். அந்த அலுவலகத்துக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. அனுமதி கிடைத்து வெட்டிய மரத்தை லொறியில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுவரும் வழியில், பெர்மிட் கையில் இருந்தும் வெயிலில் மணிக்கணக்காக நிற்க வைத்தார்கள். கள்ள மரம் இரவில் போய்விடுகிறது, ஒழுங்காகக் கடுதாசி எடுத்தவன்தான் மறியலில் நிற்கிறான். எழுத வேண்டுமென்றால் இதைப் பற்றி அல்லவா எழுதியிருக்க வேண்டும்?

இறப்பர் மரத்தையும் சொல்ல வேண்டும். ஏறக்குறைய 30 வருடம் பால் எடுத்த பிறகு பழைய மரத்தை எப்படியும் வெட்டி மறுநடுகை செய்கிறார்கள். முன்பு அது விறகுக்குத்தான் போனது. அறுத்த சில நாட்களுக்குள் போரன் மருந்து ஏற்றி உலர்த்தினால் அருமையான தளபாட மரம், அதைச் செய்யாமல் விட்டால் நீலம் பூத்து வண்டு துளைத்துவிடும். வாங்குகிறவர்கள் "மருந்து ஏற்றியதா? காய்ந்த மரமா? வைரம் பாய்ந்த உள்மரம் எவ்வளவு, வெள்ளை வெளிமரம் எவ்வளவு? ரசீது இருக்கிறதா?" என்று கேட்கப் பழகினால் ஏமாற்றுகிறவர்கள் தானாகக் குறைவார்கள், ஒழுங்காகக் காணி பராமரிக்கிறவருக்கும் நல்ல விலை கிடைக்கும். அரச மரக் கூட்டுத்தாபனம் தன் தோட்டங்களில் வளர்ந்த தேக்கைப் பொதுமக்களுக்கும் விற்கிறது. இதெல்லாம் உங்கள் வாசகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு கழிந்து, கதவும் நிலையும் செய்யச் சொல்லியிருந்த ஒரு அம்மா பட்டறைக்கு வந்து, "தம்பி, பேப்பரில் இப்படிப் போட்டிருக்கிறார்களே, பாவம் இல்லையா?" என்று கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார். அவருக்கு விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இத்தனை காலம் கூலி குறைத்துக் கேட்டவர்கள் உண்டு, பாவம் செய்கிறாய் என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த வரி தவறு என்று அதே பக்கத்தில் ஒரு சிறு பெட்டிச் செய்தி போடுங்கள். அப்புறம், எந்தெந்த மரத்தை வெட்ட அனுமதி வேண்டும், எங்கே விண்ணப்பிப்பது, கொண்டுபோக என்ன கடுதாசி எடுப்பது என்பதைத் தமிழில் ஒரு தடவை முழுதாக வெளியிடுங்கள். வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ள என் மாமியாரைப் போலப் பலர் இருக்கிறார்கள். இந்தக் கடிதத்தைச் சுருக்க வேண்டி வந்தால் என்னைப் பற்றிய பகுதியை எடுத்துவிடுங்கள், பெர்மிட் பற்றிய பகுதியை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
தச்சர் ஒருவர்,
வெல்லம்பிட்டி