மாற்றுக் குப்பிகளுக்கு நன்றி

அன்புடையீர்,

பழ ஈ மரபியலில் புதியவர்களுக்கான எங்கள் ஆறு வாரப் பயிற்சி போன வெள்ளிக்கிழமை நிறைவடைந்தது. வந்தவர்கள் எட்டுப் பேர். அவர்களில் ஐந்து பேர் அதுவரை ஓர் ஈயை நுண்ணோக்கியில் பார்த்ததே இல்லை. இப்போது எட்டுப் பேரும் தங்கள் கலப்புகளைத் தாங்களே திட்டமிடுகிறார்கள். பயிற்சியை நடத்தியவன் என்று எல்லோரும் என்னைச் சொல்கிறார்கள். அதைத் தாங்கிப் பிடித்தவர்கள் யார் என்பது எனக்குத் தெரியும்.

ஈக்களுக்கு உணவு காய்ச்சித் தந்த அண்ணனுக்கு முதல் நன்றி. சோள மாவு, ஈஸ்ட், சர்க்கரை, அகார் எல்லாம் சேர்த்துக் காய்ச்சி, நூற்றுக்கணக்கான குப்பிகளில் ஊற்றுவீர்கள். ஊற்றிய கையோடு பஞ்சை அடைக்க மாட்டீர்கள். துணி போர்த்தி, ஆவி அடங்கும்வரை காத்திருப்பீர்கள். குப்பியின் சுவரில் ஈரம் நின்றால் ஈக்கள் ஒட்டிக்கொண்டு செத்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆறு வாரத்தில் ஒரு குப்பிகூடப் பூஞ்சை பிடிக்கவில்லை. ஈ செத்தது உணவாலா, தங்கள் கைத்தவறாலா என்று புதியவர்கள் குழம்பும் நிலையே வரவில்லை. கற்றுக்கொள்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

ஈ அறையைக் கவனித்துக்கொள்ளும் அக்காவுக்கு நான் பட்ட கடன் இன்னும் பெரிது.

இந்த வேலையில் தவறு செய்தவுடன் அது தெரிவதில்லை. 25 டிகிரியில் ஒரு தலைமுறைக்குச் சுமார் பத்து நாள். இன்று செய்த பிழை பத்து நாள் கழித்து இறக்கையோடு வெளியே வரும். மூன்றாம் வாரம் அதுதான் நடந்தது. ஒரு மாணவி வெள்ளைக் கண் பெண் ஈக்களைச் சிவப்புக் கண் ஆண் ஈக்களோடு சேர்த்திருந்தார். வெள்ளைக் கண்ணுக்கான மரபணு, பெண்ணுக்கு இரண்டும் ஆணுக்கு ஒன்றும் உள்ள எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. 1910-இல் அமெரிக்க மரபியலாளர் தாமஸ் ஹன்ட் மார்கன் வெளியிட்ட பாடம் அது. மகன்களுக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வருவதால் அவர்கள் எல்லோருக்கும் வெள்ளைக் கண் வரவேண்டும்; தந்தையின் எக்ஸும் கிடைப்பதால் மகள்கள் எல்லோருக்கும் சிவப்புக் கண் வரவேண்டும். ஆனால் அவர் எண்ணிய 212 ஈக்களில் ஒன்பது மகள்களுக்கு வெள்ளைக் கண். 1916-இல் மார்கனின் மாணவர் கால்வின் பிரிட்ஜஸ் விளக்கினாரே, முட்டை உருவாகும்போது குரோமோசோம்கள் பிரியாமல் போவது, அதுவாக இருக்குமா என்று மாணவி கேட்டார். அருமையான கேள்வி. ஆனால் அது ஆயிரத்தில் ஒன்றுகூடத் தேறாத விதிவிலக்கு. ஒன்பது என்றால், தாய் ஈக்களில் ஒன்றாவது கன்னி ஈ அல்ல. முன்பே வெள்ளைக் கண் ஆணோடு சேர்ந்துவிட்டது. அவர் முகம் வாடிப்போனது.

அக்கா, நீங்கள் அப்போது ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. காலையில் ஈக்களையெல்லாம் வெளியேற்றிய குப்பியை, அதன் பிறகு கூட்டிலிருந்து புதிதாக வந்த ஈக்களோடு எடுத்துவந்து அவர் அருகில் உட்கார்ந்தீர்கள். கார்பன் டை ஆக்சைடில் மயங்கிய ஒரு பெண் ஈயைத் தூரிகை நுனியால் மல்லாக்கப் புரட்டினீர்கள். வெளிறிய உடல், இன்னும் விரியாத இறக்கை, வயிற்றுத் தோலின் வழியே தெரியும் கரும்பச்சைப் புள்ளி: இப்போதுதான் வெளிவந்த, இன்னும் ஆணோடு சேராத ஈ என்பதன் அடையாளம். "இது இருந்தால் எடுத்துக்கொள்ளம்மா, சந்தேகம் வந்தால் விட்டுவிடு." கூட்டிலிருந்து வந்த எட்டு மணி நேரத்துக்குள் பிரித்தெடுக்க வேண்டும் என்று நான் பலகையில் எழுதிப்போட்டிருந்தேன். அந்தப் புள்ளியைப் பார்த்த பிறகுதான் அது அவர் மனத்தில் பதிந்தது.

பிறகு அடுக்கிலிருந்து இன்னொரு குப்பியை எடுத்துக் கொடுத்தீர்கள். எட்டுப் பேருடைய கலப்புக்கும் அதே நாளில் ஒரு மாற்றுக் குப்பியை நீங்கள் அமைத்து வைத்திருந்தது அப்போதுதான் எனக்கே தெரியவந்தது. நான் கேட்கவில்லை, நீங்கள் சொல்லவும் இல்லை. அந்தக் குப்பியில் மகள்கள் அத்தனை பேருக்கும் சிவப்புக் கண்.

மாலை வேளைகளில் நுண்ணோக்கிகளை விட்டுக்கொடுத்த ஆய்வு மாணவர்களுக்கும் நன்றி. சுருள் இறக்கை பாலன்சர் (ஒரு மரபணு மாற்றத்தைத் தலைமுறைதோறும் காக்க உதவும் குரோமோசோம்) உள்ளிட்ட ஸ்டாக்குகளை, அதாவது வளர்ப்பு ஈ வகைகளை, அனுப்பித் தந்த அமெரிக்காவின் புளூமிங்டன் டிரோசோபிலா (பழ ஈ) மையத்தினருக்கும் நன்றி. முகம் அறியாதவர்களுக்கும் ஈக்களைப் பகிர்ந்து கொடுப்பது மார்கன் குழுவின் காலத்திலேயே தொடங்கிய வழக்கம். அந்த வழக்கத்தால்தான் எங்களைப் போன்ற சிறிய ஆய்வகத்தாலும் பயிற்சி நடத்த முடிகிறது.

அந்த மாணவி இரண்டு குப்பிகளின் எண்ணிக்கையையும் தன் குறிப்பேட்டில் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார். அடுத்த பயிற்சியில் மாற்றுக் குப்பிகளை அமைக்கும் பொறுப்பைத் தனக்குத் தரும்படி கேட்டிருக்கிறார். அக்கா, உங்கள் சம்மதத்துக்காகக் காத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
பயிற்சி ஒருங்கிணைப்பாளர்