ஓட்டியவர் எங்கே?

மதிப்பிற்குரிய செய்தி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். என் தம்பி இறந்த செய்தியை உங்களில் ஒருவர் நான்கு வரியில் வெளியிட்டிருந்தீர்கள். "கட்டுப்பாட்டை இழந்த கார் எதிர்பாராதவிதமாக மோதியதில் பரிதாபமாக உயிரிழந்தார்." ஓட்டியவர் அப்போது செல்போனில் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அதை அவரே போலீஸாரிடம் ஒப்புக்கொண்டார். உங்கள் நிருபரும் அங்கேதான் நின்றிருந்தார்.

அந்த நான்கு வரியைக் கத்தரித்து, தம்பியின் போட்டோவுக்குப் பின்னால் அம்மா வைத்திருக்கிறார். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "எதிர்பாராதவிதமானுதானே போட்டிருக்கு? அப்போ யாரும் ஒண்ணுமே பண்ணலையா?" என்று கேட்டார். நான் என்ன சொல்வது? அந்தச் செய்தியில் கார் இருக்கிறது, தம்பி இருக்கிறான். ஓட்டியவர் இல்லை.

அதனால் கேட்கிறேன்: 'மோதினார்' என்று எழுதுங்கள். 'எதிர்பாராதவிதமாக' என்பதை விட்டுவிடுங்கள்.

தீர்ப்பு வருமுன் யாரையும் குற்றவாளி என்று எழுத முடியாது என்பீர்கள். சரி, எழுத வேண்டாம். மோதினார் என்பது நடந்தது. குற்றமா இல்லையா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். ஆனால் 'எதிர்பாராதவிதமாக' என்பதே ஒரு தீர்ப்புதானே? அதை எழுத மட்டும் எப்படித் துணிகிறீர்கள்?

'உடைந்துவிட்டது' என்றும் சொல்லலாம், 'உடைத்துவிட்டேன்' என்றும் சொல்லலாம். சின்ன வயதிலேயே நாம் முதலாவதைப் பிடித்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான். வெந்நீர்ப் பாத்திரத்தை மேடை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனேன்; மகள் இழுத்தாள்; கை வெந்தது. டாக்டரிடம் "தெரியாமல் கொட்டிவிட்டது" என்றேன். அவள் கைக்கு எட்டும் என்பது எனக்குத் தெரியும். "நான்தான் அங்கே வைத்தேன்" என்று அவளிடம் சொல்ல எனக்கு மூன்று வருடம் ஆனது.

மின்னல் விழுவதும் திடீரென்று மாரடைப்பு வருவதும் வேறு. யாரும் தடுத்திருக்க முடியாதவை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உலகச் சாலைகளில் ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆண்டுதோறும் நடப்பதை எதிர்பாராதது என்று எப்படிச் சொல்வது? 'விபத்து' என்ற சொல்லும் அதையேதான் சொல்கிறது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற மருத்துவ இதழ் 2001-லேயே தன் பக்கங்களில் 'விபத்து' என்ற சொல்லைத் தவிர்க்க முடிவெடுத்தது. நியூயார்க் போலீஸ் 2013-ல் தன் 'விபத்து' விசாரணைப் பிரிவின் பெயரை 'மோதல்' விசாரணைப் பிரிவு என்று மாற்றியது. உங்களால் ஏன் முடியவில்லை?

கடைசியாகக் கை வைத்தவனை மட்டும் பிடித்து அடியுங்கள் என்று நான் கேட்கவில்லை. 1987-ல் 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' என்ற பயணிகள் கப்பல், வாகனங்கள் ஏறும் முன்கதவு திறந்தபடியே கிளம்பிக் கவிழ்ந்து 193 பேர் இறந்தார்கள். கதவை மூட வேண்டியவர் தூங்கிவிட்டார், உண்மை. ஆனால் கதவு மூடியிருக்கிறதா என்று காட்ட ஒரு விளக்கு வையுங்கள் என்று கேப்டன்கள் முன்பே கேட்டிருந்தார்கள். நிர்வாகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விபத்து என்று முடித்திருந்தால் அந்த விளக்கைப் பற்றி யார் கேட்டிருப்பார்கள்? பாலம் இடிந்தாலும் கொதிகலன் வெடித்தாலும் அதே சொல்தான் வருகிறது. கூடவே ஒரு இரங்கல் அறிக்கை. கையெழுத்துப் போட்டவர், சோதிக்காமல் விட்டவர், எச்சரிக்கையைப் படிக்காமல் வைத்தவர் எல்லோரும் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறார்கள். அப்புறம் அதே தவறு இன்னொரு இடத்தில் நடக்கிறது.

மன்னியுங்கள், கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். நான் கேட்பது ஒரு வினைச்சொல்தான். தம்பியின் வழக்கில் தீர்ப்பு வரும்போது நீங்கள் மறுபடியும் எழுதுவீர்கள். அம்மா அதையும் கத்தரித்து வைப்பார். அதிலாவது ஓட்டியவர் இருக்கட்டும். தயவுசெய்து.

இப்படிக்கு,
இறந்தவனின் அக்கா