பாதி வலு போதாது: நகரப் பாலங்களின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர நிர்வாகத்தினருக்கும், பழைய பாலங்களைப் பராமரிக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்டு, இன்றும் இரவு பகலாக வாகனங்களைச் சுமக்கும் நகரப் பாலங்களைப் பற்றி இம்மடலை எழுதுகிறேன். அவற்றை நிலநடுக்கத்தைத் தாங்கும்படி வலுப்படுத்த வேண்டும் என்பதில் உங்களுக்கு மாற்றுக் கருத்து இருக்காது. அந்தப் பணி எப்படி நடக்கும் என்பதுதான் என் கவலை. கைக்கு வந்த நிதிக்கு ஏற்ப ஏதோ ஒரு பகுதியை மட்டும் வலுப்படுத்திவிட்டு, பணி நிறைவுற்றதாகக் கோப்பை மூடிவிடும் நிலை இதில் வரக் கூடாது என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன்.

இது வெறும் அச்சம் அன்று. 1971ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் நேர்ந்த சான் பெர்னாண்டோ நிலநடுக்கத்தில், பாலங்களின் மேல்தளங்கள் தாம் அமர்ந்திருந்த குறுகிய விளிம்புகளிலிருந்து நழுவி விழுந்தன. அதன் பிறகு அந்த மாநிலம், தளங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகாதபடி எஃகு வடங்களால் பிணைக்கும் பணியைத் தொடங்கியது. 1957இல் திறக்கப்பட்ட, ஓக்லாந்து நகரின் சைப்ரஸ் என்னும் ஈரடுக்கு மேம்பாலத்துக்கும் 1977இல் அந்த வடங்கள் பொருத்தப்பட்டன. ஆனால் அதன் தூண்களும், தூண்கள் தளத்தோடு சேரும் மூட்டுகளும் பழைய நிலையிலேயே விடப்பட்டன. 1989 அக்டோபர் 17 அன்று லோமா பிரியேட்டா நிலநடுக்கம் வந்தபோது அந்த மூட்டுகள்தான் உடைந்தன. மேலடுக்கு கீழடுக்கின் மீது விழுந்து 42 பேர் உயிரிழந்தனர். அந்தக் காலத்துப் பொறியாளர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. தூண்களின் நடத்தையைப் பற்றி அன்று இருந்த அறிவும் குறைவு, ஒதுக்கப்பட்ட பணமும் குறைவு. இன்று நமக்கு அந்த அறிவு இருக்கிறது.

நிலம் அதிரும்போது, மேல்தளத்தின் எடையே பக்கவாட்டு விசையாக மாறுகிறது. அந்த விசை பேரிங்குகள் (தளத்துக்கும் தூணுக்கும் இடையே உள்ள தாங்கிகள்), தூணின் தலைப்பகுதி, தூண், அடித்தளம், பைல்கள் (அடித்தளத்தின் கீழ் மண்ணுக்குள் ஆழமாக இறக்கப்பட்ட கம்பங்கள்) ஆகியவற்றின் வழியாக மண்ணுக்குள் இறங்க வேண்டும். இந்த வழியில் ஓர் உறுப்பை மட்டும் கெட்டியாக்கினால் விசை மறைந்துவிடுவதில்லை. அடுத்த நலிந்த உறுப்பைத் தேடிச் செல்கிறது. எனவே தளத்திலிருந்து மண் வரை முழு வழியையும் ஒரே கணக்கில் ஆராய்ந்த பின்னரே, எங்கே எவ்வளவு வலுவூட்டுவது என்று முடிவெடுக்க வேண்டும்.

தூண்களை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பழைய கான்கிரீட் தூண்களில் நெடுக்குக் கம்பிகள் தாராளமாகவே இருக்கும். அவற்றைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பிகள்தாம் மெல்லியவையாகவும், ஏறத்தாழ 30 செ.மீ. இடைவெளியிலும் இருக்கும். வளையத்தின் முனைகள் தூணின் உட்பகுதிக்குள் மடக்கப்படாமல், வெளிப்புறக் கான்கிரீட்டுக்குள் வெறுமனே விடப்பட்டிருக்கும். தூண் ஒருமுறை வலமும் ஒருமுறை இடமுமாக வளையும்போது அந்த வெளிப்புறக் கான்கிரீட் பெயர்ந்து விழும். அதோடு வளையம் பிரிந்துவிடும். நெடுக்குக் கம்பிகள் வெளிப்பக்கம் புடைக்கும். உள்ளே இருக்கும் கான்கிரீட் நொறுங்கும். போதாக்குறைக்கு, அதிகமாக வளைய வேண்டிய தூணின் அடிப்பகுதியிலேயே கம்பிகளை ஒன்றோடொன்று அடுக்கி இணைத்திருப்பார்கள். அன்றாடப் பாரத்தைத் தாங்குவதற்கு இந்த அமைப்பு போதுமானது என்பதால், இத்தனை ஆண்டுகள் நின்றதை வைத்து இந்தக் குறையை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இதற்கு நன்கு சோதித்தறியப்பட்ட தீர்வு உண்டு. தூணைச் சுற்றி எஃகுத் தகட்டால் உறை அமைத்து, இடைவெளியைச் சிமென்ட் குழம்பால் நிரப்புகிறார்கள். கவனித்துப் பார்த்தால், அந்த உறை அடித்தளத்தைத் தொடாமல் சுமார் 5 செ.மீ. மேலேயே நிறுத்தப்பட்டிருக்கும். தூண் வளையும்போது உறை அடித்தளத்தில் முட்டினால், தூண் தேவைக்கு மேல் விறைப்பாகி, கூடுதல் விசையை அடித்தளத்தின் மேல் திணித்துவிடும். அதைத் தவிர்க்கவே அந்தச் சிறு இடைவெளி. ஒப்பந்தப் பணியில் யாராவது அதைக் கட்டுமானக் குறை என்று நினைத்துக் கலவையால் அடைத்துவிட்டால் வடிவமைப்பின் நோக்கமே கெட்டுவிடும். மேற்பார்வைப் பொறியாளர் ஒவ்வொரு தூணிலும் அதை நேரில் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். 1994ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் நேர்ந்த நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் இவ்வாறு உறையிடப்பட்ட தூண்கள் நன்றாகத் தாக்குப்பிடித்தன.

தூண் வலுப்பெற்றதும் கேள்வி மண்ணுக்குப் போகிறது. பாலங்களைத் தேர்ந்தெடுக்கும்போது வயதை மட்டும் அளவுகோலாகக் கொள்ள வேண்டாம் என்று நான் வேண்டுவதற்கு இதுவே காரணம். 1964 ஜூன் மாதம் ஜப்பானின் நீகாட்டா நகரில் நிலநடுக்கம் வந்தபோது, நீர் செறிந்த மணல் தன் பிடிப்பை இழந்து குழம்பாகியது. கட்டி முடித்துச் சில வாரங்களே ஆகியிருந்த ஷோவா பாலத்தின் தளங்கள் ஆற்றில் சரிந்தன. அதே ஆற்றின் மேல் 1929இல் கட்டப்பட்ட பண்டாய் பாலம் சேதமடைந்தாலும் நின்றது. ஆற்றங்கரையிலும், நிரப்பப்பட்ட நிலத்திலும் நிற்கும் ஒவ்வொரு பாலத்துக்கும் புதிதாக ஆழ்துளையிட்டு மண்ணைச் சோதிக்காமல் எந்த வடிவமைப்பையும் ஏற்காதீர்கள். கட்டிய காலத்து வரைபடம் கிடைத்தாலும், கம்பிகள் அதன்படியே இருக்கின்றனவா என்று ரேடார் கருவியாலும், கான்கிரீட்டிலிருந்து எடுக்கும் மாதிரிகளாலும் சரிபார்க்க வேண்டும்.

பெரும் பணம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் இருக்கின்றன. பழைய சாலைப் படுகையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போடுவதால், ஆண்டுக்கு ஆண்டு தளத்தின் எடை கூடுகிறது. எடை கூடினால் நிலநடுக்க விசையும் கூடும். தளங்களுக்கு இடையே உள்ள இணைப்புகளில் மண் அடைத்துக்கொள்வதால் மழைநீர் தூணின் தலையில் தேங்கி, பேரிங்குகள் துருவேறி இறுகிப்போகின்றன. இந்த இரண்டையும் வழக்கமான பராமரிப்பு நிதியிலேயே சரிசெய்ய முடியும்.

பேரிங்குகளை மாற்றும் கட்டம் வரும்போது, நியூசிலாந்தில் 1970களில் உருவான, நடுவில் ஈயம் பொதிந்த ரப்பர் பேரிங்குகளையும் பரிசீலியுங்கள். அவை தளத்துக்குப் போகும் அதிர்வைக் குறைப்பதால் தூணிலும் அடித்தளத்திலும் செய்ய வேண்டிய வேலை குறையலாம். ஆனால் மிகவும் மென்மையான மண்ணில் அவை பொருந்தாமலும் போகலாம். தளம் அசைவதற்கு இடம் விட வேண்டும். பாலத்தின் மேல் செல்லும் குடிநீர்க் குழாய்களுக்கும் மின்கம்பிகளுக்கும் அந்த அசைவைத் தாங்கும் நெகிழ்வான இணைப்புகள் வேண்டும். எனவே அந்தத் துறையினரைத் தொடக்கத்திலேயே கலந்தாலோசியுங்கள்.

காலதாமதத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதே 1989 நிலநடுக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ–ஓக்லாந்து வளைகுடாப் பாலம் என்னும் ஈரடுக்குப் பாலத்தின் மேலடுக்கில் 15 மீட்டர் நீளத் துண்டு ஒன்றுதான் விழுந்தது. அதற்கே முழுப் பாலமும் ஒரு மாதம் மூடப்பட்டது. அதன் கிழக்குப் பகுதிக்கு மாற்றாகப் புதிய பாலம் திறக்கப்பட்டது 2013இல்தான். அந்த 24 ஆண்டுகளும் மக்கள் பழைய பாலத்தின் மேல்தான் சென்றார்கள்.

ஆகவே நான் கேட்பது இவை. நகரின் ஒவ்வொரு பழைய பாலத்தின் ஆய்வு முடிவையும் மக்கள் படிக்கக்கூடிய மொழியில் வெளியிடுங்கள். நிலநடுக்கம் வந்த அன்றே ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் கடந்தாக வேண்டிய பாலங்கள் எவை என்று மருத்துவமனைகளோடும் தீயணைப்புத் துறையோடும் அமர்ந்து முடிவுசெய்து, அவற்றை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பணியைக் கட்டம் கட்டமாகத்தான் செய்ய முடியும் என்றால் அப்படியே செய்யுங்கள். ஆனால் கடைசிக் கட்டத்துக்கான நாளும் நிதியும் முதல் கட்டத்தின் ஆணையிலேயே எழுதப்பட்டிருக்கட்டும். அதுவரை எந்தப் பாலத்தையும் ‘வலுப்படுத்தப்பட்டது’ என்று பட்டியலில் சேர்க்காதீர்கள்.

இப்படிக்கு,
பாலத்தை நாள்தோறும் கடக்கும் ஒரு குடிமகன்