வெள்ளை மாளிகையின் எச்-4 விசா

அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2003இல் எச்-4 விசாவில் இந்த நாட்டுக்கு வந்தேன். வேலை கணவருக்கு, எனக்கு அவர் மனைவி என்ற முத்திரை மட்டும். சமைக்கலாம், விருந்தாளிகளைக் கவனிக்கலாம், கோயில் விழாவில் முதுகு ஒடிய உழைக்கலாம். ஒரு டாலர் சம்பாதிக்கக் கூடாது. கிரீன் கார்டு வரும்வரை ஒன்பது ஆண்டுகள் இப்படித்தான் போயின. எனக்குப் பின் வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு 2015இல் வேலை அனுமதி கிடைத்தது. நம் அதிபரின் மனைவிக்கோ இன்றும் அந்தப் பழைய விசாவின் நிலைமைதான்: வேலை உண்டு, சம்பளம் இல்லை. அதைக் கேட்கவே இந்தக் கடிதம்.

அதிபருக்கு ஆண்டுக்கு 4,00,000 டாலர் சம்பளம். மனைவிக்குச் சல்லிக்காசு கிடையாது. அரசியல் சட்டத்தில் அவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அதிபரின் பணிக்கு அவர் உதவுகிறார் என்று 1978இல் நீங்களே சட்டத்தில் எழுதி, அவருக்கு அரசுச் செலவில் ஊழியர்களையும் கொடுத்தீர்கள். உதவியாளருக்குச் சம்பளம் உண்டு, வேலை சொல்பவருக்கு இல்லை!

1993இல் அன்றைய அதிபரின் மனைவி ஹிலாரி கிளின்டன் தலைமையிலான மருத்துவச் சீர்திருத்தக் குழு கூட்டங்களைப் பொதுமக்களுக்குத் திறந்து நடத்த வேண்டுமென்று மருத்துவர் சங்கம் ஒன்று வழக்குப் போட்டது. குழுவில் அரசுக்கு வெளியே உள்ளவர் இருந்தால் கூட்டம் திறந்திருக்க வேண்டும் என்பது சட்டம். மேல்முறையீட்டு நீதிமன்றமோ, இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை அவரும் அரசு ஊழியர்தான் என்றது. ஆக, கதவைச் சாத்தும்போது ஊழியர், சம்பள நாளில் இல்லத்தரசி.

அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார் 1933இல் பெண் நிருபர்களுக்கு மட்டுமே செய்தியாளர் சந்திப்பு நடத்தினார். அதற்காகவே பத்திரிகைகள் பெண்களை வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அவரே 1941இல் குடிமக்கள் பாதுகாப்பு அலுவலகத்தில் சம்பளமில்லாத பொறுப்பு ஏற்றபோது, உங்கள் அவையிலிருந்தே கண்டனக் குரல்கள். சில மாதங்களில் விலகிவிட்டார்.

விதவைகளிடம் மட்டும் நீங்கள் இரக்கம் காட்டியிருக்கிறீர்கள். மேரி லிங்கன் மன்றாடி, 1870இல் ஆண்டுக்கு 3,000 டாலர் ஓய்வூதியம் பெற்றார். இன்றைய சட்டத்தில் அது 20,000. கணவர் கண்ணை மூடினால்தான் கருவூலம் கண்ணைத் திறக்கும் போலிருக்கிறது.

சம்பளம் கேட்கிற வாயால் இன்னொன்றையும் கேட்கிறேன். 1919 அக்டோபரில் அதிபர் உட்ரோ வில்சன் பக்கவாதத்தில் விழுந்தபோது, எந்தக் கோப்பு அவர் படுக்கைக்குப் போகலாம் என்பதை முடிவு செய்தவர் மனைவி எடித் வில்சன். அவருக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை, அவரிடம் யாராலும் கணக்குக் கேட்கவும் முடியவில்லை. பதவி இல்லை என்று சொல்லிச் சொல்லியே நீங்கள் வளர்த்த அதிகாரம் அது. ஆகவே ஊதியத்தோடு கடமையையும் வரம்பையும் எழுதி வையுங்கள். கணவராக வருபவருக்கும் அதே விதி இருக்கட்டும். 2024இல் துளசேந்திரபுரத்துப் பேத்தி கமலா ஹாரிஸ் வென்றிருந்தால், வழக்கறிஞரான அவர் கணவர் டக் எம்ஹாஃபை விருந்துத் தட்டு தேர்ந்தெடுக்கச் சொல்லியிருப்பீர்களா?

ஜில் பைடன் வெள்ளை மாளிகையில் இருந்தபடியே கல்லூரியில் பாடம் எடுத்துச் சம்பளம் வாங்கினார். நாடு ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

அதிபர் கார்ட்டரின் மனைவி ரோசலின் 1977இல் தனக்கென அலுவலகம் அமைத்துக்கொண்ட வெள்ளை மாளிகையின் கிழக்குப் பகுதிக் கட்டடத்தை, நடன அரங்கு கட்டுவதற்காக 2025 அக்டோபரில் இடித்துத் தள்ளினார்கள். புதிய கட்டடத்தில் அதிபரின் மனைவிக்கு மேசை எங்கே போடுவது என்று பேசும்போதாவது, அந்த மேசையின் வேலை என்ன, கூலி என்ன என்று ஒரு மசோதா கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
நியூஜெர்சி வாக்காளர் ஒருத்தி