கௌரிக்கு, அம்மா எழுதுவது

அன்பு மகள் கௌரிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். சுங்கை சிப்புட்டில் தினமும் சாயங்காலம் மழை. சின்னத்தை மகளுக்கு நிச்சயம் முடிந்தது. மற்றதை அத்தையே சொல்லுவாள், நீ போனை எடுத்தால்.

சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்காதே. ஒரு மணி நேரமாவது போகட்டும். சோற்றிலும் கீரையிலும் இருக்கிற இரும்புச்சத்தை அது உடம்பில் சேரவிடாது. ஈரல், நெத்திலி வாங்கிச் சமை. கீரை சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள், கொய்யாப்பழம் சாப்பிடு. ஷா ஆலத்தில் கிடைக்காத பொருளா? நம் குடும்பத்தில் முதல் இன்ஜினியர் நீ என்று கோயிலில் யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன். அந்தப் பிள்ளைக்கு ஒரு வேளை ஒழுங்காகச் சாப்பிட நேரமில்லையாம்.

சுற்றி வளைத்தது போதும். தீபாவளிக்கு வந்தபோது பார்த்தேன் அம்மா. ராத்திரியெல்லாம் ஐஸ் கடிக்கிற சத்தம். பச்சரிசி டின்னில் கை விட்டு அள்ளி அள்ளி மென்றாய். நான் அடுக்களைக்குள் வந்ததும் கையை மறைத்தாய். உன் முகம் வெளுத்திருந்தது. கேட்டால் அழுவாயோ என்று கேட்கவில்லை.

கிளினிக்கில் மிஸ்ஸியிடம் (நர்ஸம்மாவிடம்), பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு என்று சொல்லி விசாரித்தேன். இதற்கு 'பிக்கா' என்று பேராம். மண், சாக்கட்டி, சாம்பல், மாவு, ஐஸ் என்று ஆளுக்கு ஒன்றின் மேல் ஆசை போகும். சத்தே இல்லாத ஒன்றை ஒரு மாதத்துக்கு மேல் விடாமல் தின்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு ஐஸ் ஆசை அதிகம் வரும். மாத்திரை போட ஆரம்பித்தால், இரத்தம் ஏறுவதற்கு முன்பே அந்த ஆசை விட்டுப்போகிறதாம். மாதவிலக்கில் உனக்கு அதிகமாகப் போகிறதா? வேறு விசேஷம் ஏதாவது இருந்தாலும் சொல். நான் யாரிடமும் வாய் திறக்க மாட்டேன்.

நானும் தின்றவள்தான். நீ வயிற்றில் இருக்கும்போது அடுப்பு மண்ணைப் பெயர்த்துத் தின்றேன். ஆயா பார்த்துவிட்டு அடுப்பைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவினாள், திட்டினாள். அதற்கப்புறம் மறைத்துத் தின்றேன். கல்யாணத்துக்கு முன்பு வருஷக்கணக்காக, வெறுங்காலோடு ஆயாவுடன் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவள் நான். கொக்கிப்புழு பாதத்தைத் துளைத்து ஏறி, குடலில் உட்கார்ந்து இரத்தத்தைக் குடிக்கும் என்று அன்றைக்கு எங்களுக்கு யார் சொன்னார்கள்? திட்டினால் இரத்தம் ஊறுமா? அப்பாதான் ஆயாவிடம், புறநானூற்றிலேயே இருக்கிறது என்று வாதாடினார். சேர மன்னனே, உன் நாட்டு மண்ணை மசக்கைப் பெண்கள் ஆசைப்பட்டு உண்பார்களே தவிர பகைவர் உண்ண முடியாது என்று ஒரு புலவர் பாடியிருக்கிறாராம். அவ்வளவு பழைய ஆசை இது. இதில் உனக்கு என்ன வெட்கம்?

ஆனால் சும்மா விட்டுவிடாதே. ஐஸ் பல்லை உடைக்கும். மண்ணில் புழு முட்டை இருக்கும், சில மண்ணில் ஈயமும் இருக்கும். மண்ணோ சாக்கட்டியோ தின்கிறாய் என்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல். அவர்களாகக் கேட்க மாட்டார்கள், நீதான் சொல்ல வேண்டும். இரத்தம் எடுக்கும்போது ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பார்க்கச் சொல், உடம்பில் இரும்புச் சேமிப்பு எவ்வளவு என்று அதுதான் காட்டும். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே என்றால் சோகை. அது சரியாக இருந்தாலும் சேமிப்பில் இரும்பு குறைந்திருக்கலாம். நீயாகக் கடையில் மாத்திரை வாங்காதே. தலசீமியா என்று பரம்பரையாக வரும் இரத்த நோயிலும் இரத்தம் குறைவாகத்தான் காட்டும், அதற்கு இரும்பு சேரச் சேரக் கெடுதல். எல்லாம் சரி என்று வந்து, ஆசை மட்டும் போகவில்லை என்றால் மனக்கவலையா என்று பார்க்க வேண்டும். அதற்கும் டாக்டர் இருக்கிறார். வேலை இடத்தில் ஏதாவது தொல்லையா?

தேத்தண்ணியைச் சாப்பாட்டோடு குடிக்காதே. மறுபடியும் சொல்கிறேன் என்று கோபப்படாதே.

இந்தச் சனிக்கிழமையே கிளினிக்குக்குப் போ. தனியாகப் போகப் பிடிக்காவிட்டால் சொல், வெள்ளி ராத்திரி பஸ்ஸில் வந்துவிடுகிறேன். ரிசல்ட் வந்ததும் படம் எடுத்து எனக்கு மட்டும் அனுப்பு. அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அம்மா